பூ நசுங்காத வெள்ளிக்கிழமை

காரில் இழுவை போய்விட்டது என்று முதன்முதலில் அறிவித்தது அபிதகுஜாம்பாளின் தலையில் இருந்த மல்லிகைப்பூதான். அதற்குப் பிறகு ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், முழங்காலைக்கூடப் பார்த்தார்கள். பூ அளவுக்குக் கச்சிதமாக எதுவும் சொல்லவில்லை.

அவளும் அவள் கணவர் சத்யநாராயணனும் வெள்ளிக்கிழமைதோறும் செம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் சந்தைக்குப் போவார்கள். அவள் செடி பார்ப்பாள். அவர் யாருக்கும் வேண்டாத சாமான் பார்ப்பார்: முள் இல்லாத கடிகாரம், மூடி இல்லாத தெர்மாஸ், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. வங்கியில் மேலாளராக இருந்த காலமெல்லாம் ஒரு கையெழுத்தை நாலு தரம் பார்த்துவிட்டுத்தான் கடன் கொடுத்த மனிதர், ஓய்வு பெற்றதும் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். செடிகள் பின் சீட்டில் வரும். கடிகாரம் டிக்கியில் வரும். அந்த டிக்கி, அந்தச் சீட், அந்தக் கார் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய வெள்ளிக்கிழமை.

கார் பழைய டீசல் கார். டர்போ வைத்தது. டர்போ என்றால் என்ன என்று அவர் கல்யாண வீடுகளில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். எஞ்சின் வெளியே துப்புகிற புகை ஒரு குட்டி விசிறியைச் சுற்றும். அந்த விசிறி வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திரும்பத் தள்ளும். அவ்வளவு சின்ன எஞ்சினுக்கு அவ்வளவு பலம் அப்படித்தான் வருகிறது. "எல்லாம் ஓசிக் காத்து" என்று முடிப்பார். பந்தியில் பாயசம் வந்துவிடும்.

அந்த ஓசிக் காற்றை அவர் முழுசாகச் செலவழிப்பது தாம்பரம் மேம்பாலத்தில். கிழக்குத் தாம்பரத்திலிருந்து பாலம் ஏறும் இடத்தில் இரண்டாவது கியருக்கு வந்து ஒரே அழுத்தாக அழுத்துவார். முன்னால் எங்கோ மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அடுத்த கணம் சீட் முதுகைப் பிடித்துத் தள்ளும், அவளுடைய தலை பின்னால் சாய்ந்து தலைச்சாய்ப்பில் இடிக்கும், காலையில் அரும்பாகத் தொடுத்து வைத்த பூ அப்பளமாகும். "கொஞ்சம் மெதுவா போனா பாலம் எங்கேயாவது ஓடிடுமா?" என்று அவள் ஒவ்வொரு வாரமும் கேட்பாள். அவர் பதக்கம் வாங்கினவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அவள் பூவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் கொஞ்சம் மெதுவாக அழுத்தியிருக்கலாம். இரண்டும் ஒரு வாரம்கூட நடக்கவில்லை.

மாசி மாதத்தில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பூ நசுங்கவில்லை.

பாலம் ஏறத் தொடங்கினார்கள். விசில் இல்லை. சீட் தள்ளவில்லை. கார் படியேறுகிற கர்ப்பிணி மாதிரி மூச்சு வாங்கியது. அவர் முதல் கியருக்கு இறங்கினார். பின்னால் கறுப்பாகப் புகை. ஒரு தண்ணீர் லாரி ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. ஒரு ஷேர் ஆட்டோ அவர்களைத் தாண்டிப் போனது; அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அபிதகுஜாம்பாள் அப்போது செய்த ஒரே காரியம், குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தது. ஆக்ஸிலரேட்டர் தரை மிதியடியோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேல் அழுத்த வேண்டுமென்றால் ரோட்டைத்தான் அழுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள். பூ, கடையில் வாங்கின பூ மாதிரி அப்படியே இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கார் இரண்டு நாள் முன்னால்தான் பட்டறையிலிருந்து வந்திருந்தது. ஏரிக்கரையில் புதிதாகக் கால்வாய் வெட்டினதிலிருந்து அந்தப் பக்கத்துப் பெருச்சாளிகள் எல்லாம் காலனிக்குள் குடிபுகுந்துவிட்டன. அதில் ஒன்று காருக்குள் ஏறி, டர்போவை ஆட்டிவைக்கிற மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைத் தின்றுவிட்டது. கேம்ப் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற லாசரஸ்தான் புதுக் குழாய் போட்டு, கூடவே ஏர் ஃபில்டரையும் புதிதாக மாற்றிக் கொடுத்தது. லாசரஸ் நல்ல வேலைக்காரர். அதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

புதன்கிழமை பட்டறையிலிருந்து காரை எடுத்து வந்தவர் மாப்பிள்ளை கேஷவ். சத்யநாராயணனுக்கு அன்று கால் பயிற்சி நாள். போன மழைக்காலத்தில் அவருக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நாவலூரில் வேலை. அங்கேயே அடுக்குமாடியில் இவர்கள் மகள் சின்மயியோடு குடித்தனம். நல்ல பையன், எதையும் படித்துவிட்டுத்தான் செய்வான், படிப்பதெல்லாம் போனில். காரை வாசலில் நிறுத்திவிட்டு, "பாலத்துல அம்பு மாதிரி போறது மாமா" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே காரோடு ஏதோ செய்துகொண்டிருந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அதனால் வெள்ளிக்கிழமை பாலத்துச் செய்தி நாவலூருக்குப் போனதும் அங்கிருந்து தீர்ப்பு உடனே வந்தது. மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, மிக மரியாதையாக, மாணவனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர் மாதிரி சொன்னார். புதன்கிழமை ஓட்டியது அவர். கார் பறந்தது. வெள்ளிக்கிழமை ஓட்டியது மாமா. கார் தவழ்ந்தது. நடுவில் கார் வாசலை விட்டு நகரவில்லை. ஆக, மாறியது ஒன்றே ஒன்று.

"கார்ல பண்ணின ரிப்பேர் சரியாத்தான் ஆயிருக்கு மாமா. முழங்கால்ல பண்ணினதுதான் இன்னும் செட் ஆகலை."

சின்மயி நடுவில் புகுந்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், சாவியை எங்களிடம் கொடுத்துவிடு, அலுவலகத்தில் ஒருவர் கார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். எங்கே போக வேண்டுமென்றாலும் போனில் தட்டினால் வாசலில் வண்டி நிற்கும் என்றாள். செடி ஏற்றுவானா என்று அபிதகுஜாம்பாள் கேட்டாள். சின்மயி ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று கேட்டாள்.

சத்யநாராயணன் போனை வைத்தார். இரவு சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அபிதகுஜாம்பாள் மோர் ஊற்றக் குனிந்தபோது மேஜைக்கு அடியில் பார்த்தாள். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டது. திரும்ப அழுத்தியது. தன் காலைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சொன்னதைப் பாதி நம்பிவிட்டார்.

கார் போனால் போகட்டும் என்றுகூட அவள் விட்டிருப்பாள். இந்தக் கால் சமாசாரத்தை விடுவதாக இல்லை.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே, அன்று சாயந்திரம், லாசரஸ் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஸ்கேனரைச் செருகினார், அது குறை ஒன்றும் இல்லை என்றது. தான் போட்ட குழாயை இழுத்துப் பார்த்தார், சிக்கென்று இருந்தது. காற்றுக் குழாய்களின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஒரு குமிழி வரவில்லை. ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். புது ஃபில்டர் வெள்ளைவெளேரென்று இருந்தது. தன் வேலையில் பழுதில்லை என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டர்போவே போயிருக்கலாம் என்றார். பம்ப் போயிருக்கலாம் என்றார். கடைசியில் அவர் பார்வையும் சத்யநாராயணனின் முழங்கால் பக்கம் போனது. அபிதகுஜாம்பாள் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டது.

அவர் பானெட்டைத் திறந்து வைத்திருந்தபோது அவளுக்கு இன்னொன்று உறைத்தது. புகையிலை நாற்றம். லாசரஸுக்கு வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு என்பது காலனிக்கே தெரியும். ஈஸ்டர் வரைக்கும் தொடுவதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்திருப்பதாக வந்ததும் வராததுமாகச் சொல்லியிருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தியத்தின் லட்சணம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சத்யநாராயணன் ஏரிக்கரைக்கு நடக்கப் போனதும் லாசரஸ் திரும்ப வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன என்று கேட்டாள்.

"வூட்ல பேஜாராப் பூட்ச்சு டீச்சர்" என்றார். அவருடைய மூத்த பெண்ணுக்கு அபிதகுஜாம்பாள் பள்ளியில் வேதியியல் நடத்தியவள், அன்றிலிருந்து டீச்சர்தான். "நேத்து இங்கேர்ந்து போனனா, எம் பொஞ்சாதி மெட்டில்டா சட்டையை மோந்து பாத்துட்டா. பொகையில வாசன வருது, தவக்காலத்துல கூட பொய் சொல்றியான்னு கேட்டுட்டு, சோத்துத் தட்டை எடுத்துகினு உள்ள பூட்டா. அந்தோணியார் மேல சத்தியமா சொல்றேன், சாம்பல் புதன்லேர்ந்து நா தொடவே இல்ல."

"அப்புறம் எப்படி வாசனை வரும்?"

"அதான் எனக்கே தெரியல. என்னை நானே மோந்து பாத்துகினு கீறேன்."

அபிதகுஜாம்பாள் அவரை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் நடத்தினவளுக்குப் பொய் சொல்கிற முகம் தெரியும். இது அது இல்லை. அவரை பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் நிற்கச் சொன்னாள். கேட்டைத் தாண்டி, காற்று போகிற பக்கமாக, பால் பூத் வரைக்கும். எதற்கு என்று அவர் கேட்டார். கேள்வி கேட்காமல் போகச் சொன்னாள். போய் நின்றார்.

எந்த வாயுவையும் மூக்கை நேரே வைத்து முகரக்கூடாது. சற்றுத் தள்ளி நின்று கையால் விசிறி மூக்குப் பக்கம் இழுக்க வேண்டும். வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம். அவள் அப்படியே செய்தாள். பேட்டரி மேல் கையை விசிறினாள். ஒன்றுமில்லை. எஞ்சின் மேல் விசிறினாள். எண்ணெய். ஃபில்டர் பெட்டிக்கு மேல் விசிறினாள். லேசாகப் புகையிலை. லாசரஸோ பால் பூத்தில் நின்றுகொண்டு, டீச்சர் காருக்கு தீபாராதனை காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து காரின் முன்பக்கக் கம்பித்தடுப்புக்குப் பின்னால் ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய் போனது. வெளிக்காற்று உள்ளே போகிற வாய். அதன் மேல் விசிறினாள். கண்ணில் நீர் வந்தது.

லாசரஸைக் கூப்பிட்டாள். அவர் குழாயின் வாயில் ஒரு கம்பியை வளைத்து விட்டுத் துழாவினார். உள்ளே வளைவில் ஏதோ மெத்தென்று இடித்தது. கொக்கி மாட்டி இழுத்தார். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய துணிப் பொட்டலம் ஒன்று வந்து விழுந்தது. கைக்குட்டைக்குள் புகையிலை.

எலி அண்டாமல் இருக்க பானெட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் கட்டி வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டுவார்கள். இதை வைத்த மகானுபாவர் எலி எந்த ஓட்டை வழியாக நுழையும் என்று ஆராய்ந்து, இருக்கிற ஓட்டைகளிலேயே பெரிய ஓட்டையாகப் பார்த்து அடைத்திருந்தார். மெதுவாகப் போகும்போது இடுக்கு வழியாக வந்த காற்றே காருக்குப் போதும். பாலத்தில் அழுத்தும்போது டர்போ மொத்தக் காற்றையும் கேட்டது. பொட்டலம்தான் போய் வளைவில் இறுகிக்கொண்டது. பெட்டிக்குள் ஃபில்டர் வெள்ளையாக இருந்ததால், அதற்கு முன்னால் இருக்கிற குழாயை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"மூச்சு வுடற மூக்குல மூக்குப்பொடிய அடச்சி வச்சிகீறாங்க டீச்சர். அப்புறம் வண்டி எங்கேர்ந்து மலை ஏறும்" என்றார் லாசரஸ்.

அபிதகுஜாம்பாள் பொட்டலத்தைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கயிறு இல்லை. அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற நீல நாடா. அதில் ஒரு கம்பெனியின் பெயர் வரிசையாக அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை இப்போதைய வேலைக்கு முன்னால் இருந்த கம்பெனி. சந்தேகமே இல்லை; அந்தக் கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த பையில்தான் அவள் இன்றைக்கும் கறிகாய் வாங்குகிறாள்.

புதன்கிழமை வாசலில் மாப்பிள்ளை காரோடு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது விளங்கிவிட்டது. அதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதும் விளங்கியது. போன வருஷம் சம்பந்தி வீட்டுச் சித்தப்பா ஒருவர் புகையிலை மென்றுகொண்டு வந்தபோது, அவரை அவள் துளசிமாடத்துக்கு அந்தப் பக்கமே நிற்க வைத்துப் பேசி அனுப்பினாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

லாசரஸுக்குத் துள்ளல் தாங்கவில்லை. சார் வந்ததும் காட்டிவிடலாம் என்றார். அவள் யோசித்தாள். காட்டலாம். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்பார். ஆனால் அடுத்த மாதம் காரில் ஒரு கீறல் விழுந்தால் முழங்கால் திரும்ப மேஜைக்கு வரும். போனில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு, அந்தக் கணக்கைப் பாலத்திலேயே போட்டுக் காட்ட வேண்டும்.

"இதைத் திரும்ப உள்ளேயே வச்சுடுங்கோ" என்றாள்.

லாசரஸ் அவளை வெறித்துப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்து, அப்புறம் சிரிப்பை நிறுத்தி, தன் கஷ்டத்தைச் சொன்னார். பொட்டலம் உள்ளே போய்விட்டால் மெட்டில்டாவுக்கு அவர் எதைக் காட்டுவார்? அபிதகுஜாம்பாள் அங்கேயே போன் போட்டு மெட்டில்டாவிடம் பேசினாள். டீச்சர் வார்த்தையில் தனக்குச் சந்தேகமே கிடையாது என்றாள் மெட்டில்டா. ஆனாலும் பொட்டலத்தைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். ஆகவே சாட்சியம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, லாசரஸின் வண்டியில் கேம்ப் ரோடு போனது. மத்தியானம் திரும்பி வந்தபோது லாசரஸிடம் பொட்டலமும் இருந்தது, மீன் குழம்பு வாசனையும் இருந்தது.

சத்யநாராயணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்வதாக அவளுக்கு உத்தேசமில்லை. அவருக்கு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியும். முகத்தைக் காப்பாற்றத் தெரியாது. லாசரஸ் குனிந்து பொட்டலத்தை உள்ளே தள்ளிய நேரம் முழுதும், எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக்கூடாது என்று அவள் குடையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மேற்குத் தாம்பரத்தில் காபிப்பொடிக் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் இருக்கும்படி லாசரஸிடம் சொல்லி அனுப்பினாள்.

அன்றிரவு சத்யநாராயணன் இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டார். மோர் ஊற்றும்போது அவள் குனிந்து பார்த்தாள். கால் சும்மா இருந்தது. மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்மயியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். சாவிப் பேச்சு வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அபிதகுஜாம்பாள் முந்திக்கொண்டாள். காபிப்பொடி தீர்ந்துவிட்டது, கார் கைமாறுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை எல்லோருமாக மேற்குத் தாம்பரம் வரைக்கும் போய்விட்டு வரலாம், மாமாவுக்குத்தான் கால் சரியில்லை, மாப்பிள்ளையே ஓட்டட்டும். சாவியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். வாசலுக்கு வருமுன் உள்ளே போய் வழக்கத்தைவிட இரண்டு முழம் அதிகமாகப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளையும் சின்மயியும் முன்னால். பெரியவர்கள் பின்னால். பாலத்தின் அடியில் மாப்பிள்ளை, அழுத்துவது எப்படி என்று பாருங்கள் என்கிற பாவனையில் அழுத்தினார்.

கார் கேட்டுக்கொண்டது. செய்யவில்லை.

மூன்றாவது கியர், இரண்டாவது, முதல். பின்னால் கறுப்புப் புகை. மாநகரப் பேருந்து ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு ஒலி எழுப்பியது. மொபெட்டில் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு வந்த ஒருவர் பக்கத்தில் வந்தார், கொஞ்ச தூரம் கூடவே வந்தார், மாப்பிள்ளையை அனுதாபமாகப் பார்த்தார், தாண்டிப் போனார்.

"அழுத்தேன் கேஷவ்" என்றாள் சின்மயி.

"அழுத்திண்டுதான் இருக்கேன்."

"எங்கே அழுத்தறே? நகரவே இல்லையே."

"இதுக்கு மேல அழுத்தினா கால் வெளியில வந்துடும்."

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. பேருந்துக்காரர் மட்டும் ஹாரனில் பேசிக்கொண்டே வந்தார். பாலத்தின் உச்சியை ஒரு வழியாகத் தொட்டபோது பின் சீட்டிலிருந்து சத்யநாராயணன், நலம் விசாரிக்கிற குரலில், மெதுவாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை, முழங்கால் எப்படி இருக்கு?"

முதலில் சிரித்தவள் சின்மயி. டேஷ்போர்டில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரிக்க வேண்டியதாயிற்று. அபிதகுஜாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பி, ரயில் நிலையத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேற்குத் தாம்பரத்தில் இறங்கியதும் மாப்பிள்ளை, இது அந்த மெக்கானிக் செய்த வேலை என்று சொல்லி லாசரஸுக்குப் போன் போட்டார். போனை வைக்குமுன் லாசரஸ் டீக்கடையிலிருந்து இறங்கி வந்து நின்றார். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்றார். பானெட்டைத் திறந்தார், முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார். பழைய பேப்பரில் சுற்றின ஏதோ ஒன்று அபிதகுஜாம்பாளின் காய்கறிப் பைக்குள் போனதை யாரும் கவனிக்கவில்லை.

"காத்து வர்ற வழில குப்ப அடைச்சிகினு இருந்துச்சு சார். எடுத்துட்டேன். இப்ப எடுத்துப் பாருங்க" என்றார். என்ன குப்பை என்று மாப்பிள்ளை கேட்டார். லாசரஸ் வானத்தைப் பார்த்து, இந்தக் காலத்தில் ஊரெல்லாம் குப்பைதான் என்றார்.

திரும்பும்போது ஓட்டியவர் சத்யநாராயணன். முன் சீட்டில் மாப்பிள்ளை. பாலத்தின் இந்தப் பக்க ஏற்றத்தில் இரண்டாவது கியர், ஒரே அழுத்து. விசில் கேட்டது. மாப்பிள்ளை தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பின் சீட்டில் பூ நசுங்கிய சத்தம் அபிதகுஜாம்பாளுக்கு மட்டும் கேட்டது.

சாவிப் பேச்சு அன்று எழவில்லை. கிளம்பும்போது மகளுக்கு வழக்கம்போல மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் மேடவாக்கம் தாண்டியிருப்பார்கள், போன் வந்தது. முதலில் சின்மயியின் சிரிப்பு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. பழம் எடுக்கப் பையைத் திறந்திருக்கிறாள். அப்புறம் போன் கைமாறியது.

"மாமி" என்றார் மாப்பிள்ளை. பிறகு, "நீங்க புகையிலையை ஆத்துப் பக்கமே விடமாட்டேளேன்னுதான் சொல்லாம வச்சேன். அது காத்துப் போற வழின்னு சத்தியமா தெரியாது."

"வெத்தலை பாக்கு குடுத்தேன், மாப்பிள்ளை. புகையிலை மட்டும் ஏன் குறையா இருக்கணும்னு சேர்த்து வச்சேன்."

"மாமாகிட்ட சொல்லிட்டேளா?"

"இன்னும் சொல்லலை" என்றாள்.

அந்த 'இன்னும்' நாவலூர் சாலையில் கொஞ்ச தூரம் கூடவே போனது. பிறகு மாப்பிள்ளை, அலுவலகத்தில் கார் கேட்டவர் வேறு கார் பார்த்துவிட்டதாகச் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்றாள் அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. கிழக்குத் தாம்பரம். பாலம் ஏறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலில் நின்றார்கள். சத்யநாராயணன் எதிரே பார்த்தபடியே கேட்டார்.

"ஏன் அபிதா, அன்னிக்கு மத்தியானம் மழையே இல்லையே. எதுக்குக் குடை பிடிச்சுண்டு நின்னே?"

அவள் தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எதிராத்துக்காரா பார்க்கக்கூடாதுன்னு அந்தப் பக்கம் மறைச்சே. நம்மாத்து ஜன்னலை மறந்துட்டே" என்றார். "நான் தூங்கறேன்னு நீ நினைச்சுண்டே. முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணிண்டிருந்தேன். எங்கேயாவது சிரிச்சுடுவேனோன்னு ஒரே பயம்."

"அப்போ ரெண்டாம் தடவை சாதம் போட்டுண்டது?"

"கால் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது. பசிச்சுது."

சிக்னல் விழுந்தது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் இரண்டாவது கியருக்கு வந்து அழுத்தினார்.

தலையில் பூ வைத்துக்கொண்டு அவள் பாலம் ஏறியது அந்த வருஷத்தோடு முடிந்தது. அவர் போன பிறகும் கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. மாப்பிள்ளை மாதம் ஒரு தடவை வந்து ஓட்டிவிட்டு, பேட்டரிக்குப் பக்கத்துக் கம்பியில் புதுப் பொட்டலம் கட்டிவிட்டுப் போகிறார், அவளிடம் காட்டிவிட்டுத்தான். ஆனால் அந்த வருஷம் அவள் வைத்துக்கொண்டு போன பூ ஒன்றுகூட முழுசாக வீடு திரும்பவில்லை.